பக்கத்து ஊருக்கு இரண்டு கப்பல்

டாக்ஸி நிலையத்தில் எல்லாரும் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். பென்யூனஸ் மட்டும் நின்றுகொண்டே குடிப்பார். கேட்டால், "உக்காந்தா இடுப்பு பிடிக்குது" என்பார். பச்சைப் பொய். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் பிடிக்காத இடுப்பு, கடை நாற்காலியைக் கண்டதும் பிடித்துக்கொள்ளுமாக்கும்! ஓடாத எதன்மேலும் அந்த மனுஷருக்கு உட்காரத் தெரியாது, அவ்வளவுதான் சங்கதி.

அதைவிடக் கஷ்டம் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்காருவது. முன் சீட்டில் இருந்தபடி வலது காலால் தரையைப் போட்டு மிதிப்பார். அங்கே பிரேக் இல்லை என்று அவருக்கும் தெரியும், காலுக்குத்தான் தெரியாது. பஸ்ஸில் ஏறினாலும் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். விமானத்தில் ஏறவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். "ஓட்டுறவன் மூஞ்சியக்கூட காட்டாம கதவச் சாத்திக்கிறான். அவன நம்பி நான் எப்படி ஏறுறது?" என்பது அவர் கட்சி.

மொராக்கோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊஜ்தாவிலிருந்து அஹ்ஃபீர் வழியாக சைதியா கடற்கரை வரை போய்வருவதுதான் அவர் பிழைப்பு. பழைய மெர்சிடிஸ். நிலையத்தில் மற்றவர்கள் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, அரசாங்க உதவியோடு புது வண்டி வாங்கிக்கொண்டார்கள். பென்யூனஸ் மட்டும் அசையவில்லை. அந்த வண்டியின் ஹார்னை அடித்தால் முதலில் ஒரு இருமல் வரும், பிறகுதான் சத்தம் வரும். எங்கள் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம், பென்யூனஸ் வருகிறார் என்று.

இப்படிப்பட்ட ஆளுக்கு அந்த வருஷம் வசந்த காலத்தில் மக்னியாவிலிருந்து ஒரு போன் வந்தது. கூப்பிட்டது தங்கை ஸுலீக்கா.

மக்னியா எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாங்கள் ஊஜ்தாவின் மொட்டை மாடியில் நின்று கையை நீட்டிக் காட்டுவோம். இருட்டினால் விளக்குகள் தெரியும். இருபத்தைந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் அது அல்ஜீரியா. ஸுலீக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது எல்லை திறந்திருந்தது. அவர்களுடைய அப்பா தன் பழுப்பு நிற புர்னூஸைப் போர்த்திக்கொண்டு, வலது கையைத் தூக்கி, அந்தக் கம்பளி அங்கிக்குள் மகளை அணைத்தபடி வாசல் தாண்டி அழைத்து வந்தார். எங்கள் பக்கம் மணப்பெண் பிறந்த வீட்டைவிட்டு அப்படித்தான் வெளியே வரவேண்டும். அப்பாவின் கைக்குக் கீழே வராமல் தனியாக நடந்து வந்தால், கேட்பாரில்லாத பெண் என்று ஊர் பேசும். பென்யூனஸ் அன்று இதே மெர்சிடிஸின் பின்கதவைத் திறந்துவிட்டார். வழியில் தேநீருக்கு நிறுத்தியும் அரை மணி நேரத்தில் மக்னியா போய்ச் சேர்ந்தார்கள். இறங்கும்போது அழுத தங்கையிடம், "எதுக்குடி அழுவுற? உனக்கு ஒரு பொண்ணு பிறந்து, அவ கல்யாணமாகிப் போறப்பவும் இதே வண்டிதான், நான்தான் டிரைவர்" என்று சொல்லியிருந்தார். மூன்று வருஷம் கழித்து எல்லையை மூடினார்கள். இன்றுவரை திறக்கவில்லை.

அப்பா போனபோது ஸுலீக்கா விமானம் மாறி மாறி, நாட்டையே சுற்றிக்கொண்டு வந்தாள். வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மற்றபடி அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொண்டதெல்லாம் சைதியா சாலையில், ஓடை இரண்டு நாட்டையும் பிரிக்கும் இடத்தில்தான். இந்தக் கரையில் இவர், அந்தக் கரையில் அவள், நடுவே வேலியும் பள்ளமும். கத்திக் கத்திப் பேசுவார்கள். கத்திப் பேசுவதும் ஒரு பேச்சா?

"அண்ணே, இக்ராமுக்கு முடிவாயிருச்சு. மாப்பிள்ளை மர்சாக்காரன். ஆகஸ்ட்ல கல்யாணம்" என்றாள் ஸுலீக்கா.

"ரொம்ப சந்தோஷம்! உன் வாயில சர்க்கரை போடணும்."

அதைக் கேட்டு அவள் சிரித்தாள். பிறகு, "அவ அப்பா இல்லையே அண்ணே. யார் கைக்குக் கீழ வெளிய வருவா?" என்று கேட்டாள். அவள் கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பென்யூனஸுக்கு அழுகை வரவேண்டிய இடம். அந்த இடத்தில் அவருக்குக் கோபம்தான் வரும். "கேக்குறா பாரு கேள்வி! தாய்மாமன் செத்தா போயிட்டான்? என் கை இருக்கு, அப்பாவோட புர்னூஸ் இருக்கு, வண்டி இருக்கு. வேற என்ன வேணும்?"

"வண்டியா? எப்படிண்ணே வண்டி வரும்?"

"அது என் பாடு" என்று போனை வைத்தார்.

அன்று பிடித்தது சனியன். ஊஜ்தாவிலிருந்து நதோர் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் ஸ்பெயினின் அல்மெரியா, அதே துறைமுகத்தில் இன்னொரு கப்பல் ஏறி அல்ஜீரியாவின் கஸாவத், அங்கிருந்து சாலையில் மக்னியா. பக்கத்து ஊருக்குப் போக ஒரே கடலை இரண்டு தடவை தாண்டவேண்டும். சாப்பாட்டு மேசையில் ஒலிவக்காய்களை வரிசையாக வைத்து, நடுவில் ஒரு ரொட்டித் துண்டைக் கடல் என்று போட்டு, மனைவி ரபஹாவுக்கு விளக்கினார்.

"இது நதோர். இது அல்மெரியா. இங்க இறங்கி, இப்படி..."

ரபஹா நடு ஒலிவத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "அல்மெரியாவ நான் தின்னுட்டேன். இனி எப்படிப் போவீங்க?"

"விளையாடாதடி."

"யாரு விளையாடுறது? இந்த வயசுல ஒலிவக்காய வெச்சு ரோடு போடுறது நானா?"

ஸ்பெயினில் இறங்கி ஏறவே விசா வேண்டும். இரண்டு பேரும் விண்ணப்பித்தார்கள். அவருக்குக் கிடைத்தது, ரபஹாவுக்கு இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தால் ஸ்பெயினிலேயே குடியேறிவிடுவார்கள் என்று பயந்தார்களோ என்னவோ. ரபஹா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கல்யாணச் சீரை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்: இரட்டைக் கம்பளி, தேநீர்ச் சாமான், எள்ளும் சோம்பும் போட்ட வட்ட வட்டமான ஊஜ்தா கஃக் பிஸ்கட் ஒரு பெரிய டின் நிறைய.

பென்யூனஸ் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரேடியேட்டர் குழாயை மாற்றினார், டயரை மாற்றினார், மாற்றிய டயரில் காற்று சரியில்லை என்று மறுபடி கழற்றினார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். "கப்பல்ல வண்டி ஆடுமா? ஆடுனா எண்ணெய் கசியுமா?" என்று கப்பலையே பார்க்காதவர்களிடம் கேட்டார். டிக்கெட் விற்கும் பெண் வண்டியின் நீளமும் உயரமும் கேட்டாள். அவளுக்கு அவர் ஹெட்லைட் மாற்றிய கதை வரைக்கும் சொன்னார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, 'கார்' என்று அடித்துச் சீட்டைக் கொடுத்தாள்.

"அந்த ஹார்னையாவது சரி பண்ணுங்க. கல்யாண ஊர்வலத்துல போய் இருமிக்கிட்டு நிக்கும்" என்றாள் ரபஹா.

"அது அதோட குரல். உன் குரல யாராவது மாத்தச் சொன்னாங்களா?"

நிலையத்தில் கேலிக்குப் பஞ்சமே இல்லை. அவருடைய இத்தனை வருஷத்துக் கூட்டாளி குவீதர், வரிசையில் நின்று பயணிகளைக் கூவி அழைக்கிற அதே ராகத்தில் கூவுவார்: "மக்னியா! மக்னியா! ரெண்டு கடல் வழி மக்னியா! ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஏறுங்க ஏறுங்க!"

"சிரி, சிரி. உன் வண்டி அஹ்ஃபீர் மேட்டுலயே மூச்சு வாங்குது. அத வெச்சுக்கிட்டு நீ சிரிக்கிற" என்பார் பென்யூனஸ்.

எங்கள் ஊர் டாக்ஸிக்கென்று ஒரு வழி உண்டு. அந்த வழியைத் தாண்டி எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். பென்யூனஸ் ஒழுங்காகப் போய் நதோர் துறைமுகம் வரைக்கும் அனுமதி வாங்கினார். அதற்கப்புறம் தண்ணீர்தானே, தண்ணீரில் யார் நிறுத்திக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தார். அவர் மட்டுமல்ல, நிலையத்தில் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். அத்தனை பேரும் டாக்ஸிக்காரர்கள் இல்லையா!

கிளம்பும் நாள் ரபஹாவும் குவீதரும் வழியனுப்பத் துறைமுகம் வரை கூடவே வந்தார்கள், திரும்பும்போது பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று. வழியெல்லாம் பென்யூனஸ் பேசிக்கொண்டே வந்தார். கப்பல் வரிசையில் வண்டிகள் நகர்ந்தன. ஐரோப்பாவுக்குத் திரும்புகிற குடும்பங்கள், மேலே மூட்டை, உள்ளே குழந்தைகள். சுங்க அதிகாரி குனிந்து பார்த்தார். சின்ன வயது, தூக்கமில்லாத கண்.

"எங்க போறீங்க?"

"மக்னியா."

அதிகாரி நிமிர்ந்து வண்டியின் எண் பலகையைப் பார்த்தார், ஊஜ்தா வண்டி. பிறகு கூரையைப் பார்த்துவிட்டு, பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு சொன்னார்: "ஹாஜி, இது டாக்ஸி."

"என் கார்."

"மேல என்ன எழுதியிருக்கு?"

மேலே டாக்ஸிப் பலகை அப்படியே இருந்தது. அதைக் கழற்றவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தலையில் முடி இருப்பதை யார் நினைத்துக்கொண்டே இருக்கிறார்கள்? பென்யூனஸ் அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"இது நதோர் துறைமுகம் வரைக்கும்தான். டாக்ஸிய நாட்ட விட்டு வெளிய விட முடியாது, மன்னிச்சிருங்க."

"டிக்கெட் கொடுத்தாங்களே!"

"காருக்குக் கொடுத்திருக்காங்க. டாக்ஸின்னு நீங்க சொன்னீங்களா?"

பென்யூனஸ் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்லவில்லை. ரேடியேட்டரைப் பற்றிச் சொன்னார், டயரைப் பற்றிச் சொன்னார், இதைச் சொல்லவில்லை. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. குவீதரின் முகத்தில் கேலி செத்துப்போயிருந்தது. "நம்ம யாருக்கும் புத்தி எட்டலையேடா" என்று முணுமுணுத்தார்.

வண்டியை வரிசையிலிருந்து ஒதுக்கி நிறுத்தினார்கள். "நடந்து போற ஆளா நீங்க மட்டும் ஏறிக்கலாம் ஹாஜி, இன்னும் நேரம் இருக்கு" என்றார் அதிகாரி, பாவம், நல்ல மனசு.

"வண்டியத் திருப்புறேன், வீட்டுக்குப் போவோம்" என்றார் பென்யூனஸ்.

"என்னது?" என்றாள் ரபஹா.

"வண்டி இல்லாம எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? இதே வண்டிலன்னு சொன்னேன். வாக்குக் கொடுத்தேன். பிச்சக்காரன் மாதிரி கைய வீசிக்கிட்டுப் போய் நிக்கவா?"

ரபஹா வண்டியைவிட்டு இறங்கி அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவள் அப்படிக் கத்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை என்று குவீதர் பிற்பாடு சொன்னார். "உங்க தங்கச்சி வண்டியவா கேட்டா? கையக் கேட்டா! அந்தப் பிள்ள வாசல்ல தனியா நடந்து வரும். உங்க டயரு இங்க நல்லா இருக்கும். வெச்சு அழகு பாருங்க!"

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு சாவியை உருவி, இறங்கி, குவீதரின் கையில் வைத்தார். அதுவரை அந்தச் சாவி இன்னொரு கைக்குப் போனதே இல்லை.

"ரெண்டாவது கியர் போடுறப்ப கொஞ்சம் காத்திரு, தானா விழும். நாலாவதுல இருமும், பயப்படாத. இறக்கத்துல பிரேக்க மட்டும் நம்பாத, கியர்ல பிடி. ஹார்ன..."

"அடப்பாவி! பொண்டாட்டிய ஒப்படைக்கிறதுக்கு ஒரு வார்த்த இல்ல, வண்டிக்கு இத்தனையா?" என்றார் குவீதர். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

கம்பளியும் தேநீர்ச் சாமானும் வண்டியிலேயே திரும்பின. புர்னூஸைத் தோளில் போட்டுக்கொண்டு, கஃக் டின்னைக் கையில் தூக்கிக்கொண்டு பென்யூனஸ் கப்பல் ஏறினார்.

கப்பலில் அவர் உட்காரவே இல்லை. ஓட்டுகிற ஆள் எங்கே என்று தேடினார், மேலே போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். தளத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். அல்மெரியாவில் அடுத்த கப்பலுக்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. துறைமுகக் கூடத்தில் டின்னைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, உட்காருவதும் எழுவதுமாக அந்த இரண்டு நாளும் போயிற்று. வண்டி இந்நேரம் வெயிலில் நிற்கிறதா நிழலில் நிற்கிறதா என்ற கவலை வேறு. 'குவீதர் எண்ணெய் பாத்தானா?' என்று ரபஹாவுக்கு போன் செய்தார். "பாத்தாரு, பாத்தாரு" என்று சொல்லி அவள் அவசரமாக வைத்துவிட்டாள். அதுவும் அவருக்குக் கவலையாகப் போயிற்று.

கஸாவத்தில் ஸுலீக்காவும் மகன் சுஃப்யானும் வாசலில் நின்றார்கள். வேலி இல்லாமல், பள்ளம் இல்லாமல், கை எட்டும் தூரத்தில் தங்கை. இரண்டு பேரும் பழக்கத்தில் கத்தித்தான் பேசினார்கள். ஒரு நிமிஷம் கழித்துத்தான், கத்த வேண்டாம் என்பது நினைவுக்கு வந்தது. ஸுலீக்கா அண்ணனின் தோளில் கிடந்த புர்னூஸில் முகத்தைப் புதைத்து, "அப்பா வாசன" என்று சொல்லி அழுதாள்.

"வண்டி வரலடி" என்றார் அவர்.

"போகட்டும் விடுண்ணே. நீ வந்திருக்கியே."

அவள் மனசார விட்டாள். அவர் விடவில்லை. மக்னியா போகும் வழியெல்லாம் சுஃப்யானின் புது வெள்ளைக் காரில் தரையை மிதித்துக்கொண்டே போனார்.

கல்யாணத்தன்று வாசலில் மேளமும் குலவையும் காதைப் பிளந்தன. பென்யூனஸ் அப்பாவின் புர்னூஸைப் போர்த்துக்கொண்டு வலது கையைத் தூக்கினார். இக்ராம் அதற்குக் கீழே வந்து ஒண்டிக்கொண்டாள். புர்னூஸின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, விட்டுராதீங்க, கால் தடுக்குது."

"கை மரத்துப்போனாலும் விட மாட்டேன். நட தாயி."

வாசலைத் தாண்டினார்கள். ஊர் பார்த்தது. அந்த ஒரு காரியம் குறையில்லாமல் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் காரின் பின்கதவை வேறு யாரோ திறந்துவிட்டார்கள். பென்யூனஸ் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், மறுபக்கம் ஸுலீக்கா. சுஃப்யான் ஓட்டினான். பின்னால் ஒரு டஜன் வண்டிகள் ரிப்பன் கட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தபடி வந்தன. எல்லாம் புது வண்டி, எல்லாம் ஒரே மாதிரி கீச்சுக் குரல். அவருக்கு வெளியே பார்க்கப் பிடிக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு குனிந்திருந்தார், கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது.

மர்சா கடற்கரை ஊர். அந்தச் சாலை ஓடையை ஒட்டியேதான் இறங்கும். அக்கரையில் எங்கள் சைதியா சாலை அதே போக்கில் கூடவே வரும். ஓடைக்கரை நெருங்கியபோது எங்கிருந்தோ ஒரு இருமல் கேட்டது. இருமலுக்குப் பிறகு நீளமாக ஒரு ஹார்ன்.

பென்யூனஸின் தலை நிமிர்ந்தது.

"நிறுத்துடா!"

"என்ன மாமா ஆச்சு?"

"நிறுத்துடாங்கிறேன்!"

கார் நிற்கும் முன்னே கதவைத் திறந்துவிட்டார். அக்கரையில், வேலிக்கு அந்தப்பக்கம், சாலை ஓரத்தில் அவருடைய மெர்சிடிஸ் நின்றது. கூரையில் டாக்ஸிப் பலகை, அதில் வெள்ளை ரிப்பன். பானெட்டின்மேல் ரபஹாவின் சீர்க் கம்பளி விரித்துக் கிடந்தது. அவள் அதன் பக்கத்தில் நின்று குலவையிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கில் குவீதர், பின்னால் வரிசையாக எங்கள் நிலையத்து டாக்ஸிகள் அத்தனையும்.

பென்யூனஸ் ஸுலீக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். "அண்ணி போன் பண்ணி வழியும் நேரமும் கேட்டாங்க. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கண்ணே."

அவர் இக்ராமைக் கையைப் பிடித்து இறக்கினார். புர்னூஸை உதறிப் போர்த்து மறுபடி வலது கையைத் தூக்கி அவளை உள்ளே அணைத்துக்கொண்டு, அக்கரைக்குத் தெரியும்படி ஓரம் வரை நடந்தார். ரபஹாவின் குலவை உடைந்து அழுகையாயிற்று. இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பெண்ணை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"டேய் குவீதர்!" என்று கத்தினார் பென்யூனஸ். "ஹேண்ட் பிரேக் போட்டியாடா?"

"போட்டேன்டா! அனுமதிச் சீட்டும் தேவையில்ல! நம்ம வழியிலதான் நிக்கிறேன்!" என்று அக்கரையிலிருந்து பதில் வந்தது.

காவலர் ஒருவர் நகரச் சொல்லிக் கையை அசைத்தார். மறுபடி ஏறினார்கள். சுஃப்யான் கிளம்பியதும் அக்கரையில் மெர்சிடிஸும் கிளம்பியது. ஓடைக்கு இந்தப் பக்கம் மணப்பெண் கார், அந்தப் பக்கம் டாக்ஸி. வளைவில் மறைந்தால் இருமிக் காட்டியது. பென்யூனஸ் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருந்தார்.

"மெதுவா போடா சுஃப்யான், மெதுவா. நாலாவதுல அவன் கொஞ்சம் திணறுவான். விட்டுட்டுப் போயிராத."

கடல் வந்ததும் எங்கள் சாலை முடிந்துவிடும். மெர்சிடிஸ் மணலுக்கு முன்னால் நின்று, கடைசியாக ஒரு தடவை இருமி நீளமாக அடித்தது. பென்யூனஸ் உள்ளே சாய்ந்து உட்கார்ந்தார். வெகு நேரமாகத் தன் கால் தரையை மிதிக்கவில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மருமகளின் தலையில் கையை வைத்தார், முதலில் ஒரு இருமல் வந்தது, பிறகுதான் குரல் வந்தது.

"பாத்துக்கோ தாயி. உன் மாமா வண்டிதான் உன்னக் கொண்டாந்து விட்டுச்சு."